இரண்டு பக்கமும் மணி அடித்த ராத்திரி

பயம் வந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண்ணுக்கு விரல் சில்லிட்டுப் போகும். பதினாறு வயசு. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ராத்திரி பதினொன்றே முக்காலுக்குக் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து செல்போன் திரையைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். சில்லிட்ட விரலைத் திரை மதிக்கவே இல்லை. உள்ளங்கையில் வாயால் ஊதிச் சூடேற்றிக்கொண்டு மறுபடியும் தொட்டாள்.

அத்தையிடம் சொல்லியாக வேண்டும். அதுவும் இப்பவே. விடிந்தால் அப்பா கயிறு மாற்றப் போய்விடுவார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பட்டனை அமுக்கி ஏறி இறங்குகிறவர்களுக்கு லிஃப்ட் என்றால் ஒரு பெட்டி, அதில் தலைவாரிக்கொள்ள ஒரு கண்ணாடி. அப்பாவுக்கு லிஃப்ட் என்றால் அந்தப் பெட்டியின் கூரை. கூரைமேல் நின்று, நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த இருட்டில், இரும்புக் கயிறுகளைக் கையால் தடவித் தடவி எது நைந்திருக்கிறது என்று சொல்வார். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ஒரு பதினாறு மாடிக் கட்டடம். காலை ஏழு மணிக்கு மேலே ஏறியாக வேண்டும்.

இன்று சாயங்காலம் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. வாலு ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, கண்ணுக்குள் ஆள் இல்லை. அரை நிமிஷம் இருக்கும். வாலுவுக்கு அது அரை யுகம். பிறகு வீட்டுக்குள் விளக்குப் போட்ட மாதிரி அப்பா திரும்பி வந்தார்.

"என்ன இப்படி முழிக்கற? கால் வழுக்கிடுச்சு."

"வழுக்கலப்பா. நீங்க அப்படியே உக்காந்தீங்க. நான் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கவே இல்ல."

"எனக்குத்தான் காது மந்தமாச்சே. அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது, தெரியுதா?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா."

"போலாம். அந்தக் கட்டடத்துல நாலு நாளா ஜனம் படியேறிச் சாகுது. கயித்த மாத்திட்டுப் போலாம். அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். அம்மா வீடு திரும்புவதற்குள் அப்பா கிளம்பிவிடுவார். அதனால் சத்தியத்தைக் காப்பாற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை. தூங்குவதுதான் கஷ்டம். கண்ணை மூடினால் அந்த ஆள் இல்லாத கண் வந்து நின்றது. படுக்கையில் புரண்டு புரண்டு பார்த்தவளுக்குக் கடைசியில் ஒரு சந்து தென்பட்டது. அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்? அத்தை அதில் எங்கே வந்தாள்? வக்கீல் வைத்து வாதாடினாலும் நிற்கும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. உலகத்தில் அப்பா யார் பேச்சுக்காவது கட்டுப்படுவார் என்றால் அது அவள் பேச்சுக்குத்தான். என்ன செய்வது, இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அத்தை கடல் தாண்டி ஓர் ஊரில், தொண்ணூறு வயசுப் பெரியவள் ஒருத்தியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கிற வேலையில் இருக்கிறாள். அந்த வீட்டில் இணையம் கிடையாது. அத்தை கையிலிருப்பது பட்டன் போன். இங்கிருந்து நேராகக் கூப்பிட்டால் கட்டணம் குடலை உருவிவிடும். அதற்காகத்தான் அப்பா ஒரு கால்பேக் கணக்கு ஆரம்பித்தார். செயலியில் அத்தையின் நம்பரைப் போட்டு, இந்தப் பக்கம் எந்தப் போனுக்கு மணி அடிக்க வேண்டும் என்று காட்டி, பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும். இணையம் மூச்சுவிடுகிற அளவுக்கு இருந்தால்கூடச் செய்தி போய்விடும். எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் முதலில் இங்கே மணி அடிக்கும். இங்கே எடுத்ததும் அங்கே அடிக்கும். அங்கேயும் எடுத்துவிட்டால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்தந்தத் திரையில் எதிராளியின் பெயர்தான் தெரியும். பேச்சு சாதா லைனில் போவதால் அத்தை பெருமூச்சு விட்டால் அதுகூடப் பக்கத்து அறையிலிருந்து விட்ட மாதிரி கேட்கும். செலவோ கொசுக்காசு. வாலுவுக்கு அதைச் செய்தவன் யாரோ அவனைக் கும்பிட வேண்டும் போல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாலு பொத்தானைத் தொட்டுக் கொடுப்பாள், அப்பா பேசுவார். ஒரு ஞாயிறு யாரோ லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று அப்பா ஓடிவிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அத்தை, "ஏன்டா, கூப்பிட உனக்கு விரல் இல்லையா?" என்றாள். "உனக்குத்தான் பத்து இருக்கே, நீ கூப்பிடறது?" என்றார் அப்பா. அவ்வளவுதான். கடுகு விழுந்த இடத்தில் மலை முளைத்துவிட்டது. 'கூப்பிட்டா அவ கூப்பிடட்டும்' என்று இவர். 'அவன் கூப்பிட்டா எடுக்காமலா இருப்பேன்' என்று அவள். அப்பா தன் போனிலிருந்து செயலியையே அழித்தார்.

வாலு அதே கணக்கைத் தன் போனில் போட்டுக்கொண்டு, புதன்கிழமைதோறும் அப்பாவுக்குத் தெரியாமல் அத்தையுடன் பேசிவந்தாள். ஒரே ஒரு தொல்லை. கணக்கு அப்பா நம்பரில் ஆரம்பித்தது. அதனால் செயலியைத் திறக்கும்போதெல்லாம் 'மணி அடிக்க வேண்டிய போன்' என்ற கட்டத்தில் அப்பா நம்பரே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு தடவையும் வாலு அதை அழித்துத் தன் நம்பரைப் போடுவாள். நூறு தடவை போட்டிருப்பாள்.

இன்றைக்கு, சில்லிட்ட விரலுக்குத் திரை ஒருவழியாக மசிந்த சந்தோஷத்தில், கட்டத்தைப் பார்க்காமலே பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டாள்.

போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அதிர்வதற்காகக் காத்திருந்தாள். அது அதிரவில்லை. பக்கத்து அறையில் சேவல் கூவியது.

காது மந்தமான அப்பாவுக்கு உறைக்கிற ஒரே ரிங்டோன் அந்தச் சேவல்தான். வாலுவுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அடுத்த கணம் எல்லாம் ஓடியது. திரையைப் பார்த்தாள். கட்டத்தில் அப்பா நம்பர். அதன் கீழே, 'முதல் முனை: இணைந்தது. இரண்டாம் முனை: மணி அடிக்கிறது.' அதற்கும் கீழே சிவப்புப் பொத்தான். தொட்டால் எல்லாம் அறுந்துவிடும். தொட்டாள். சில்லிட்ட விரலைத் திரை மறுபடியும் மதிக்கவில்லை. பாவாடையில் விரலைத் துடைத்தாள்.

"அக்காவா?" என்றார் அப்பா. சுவர் மெலிசு. போதாததற்கு அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"டேய் தம்பி," என்றது அத்தையின் குரல். எப்படியிருக்கே என்று கேட்கவில்லை. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா என்று குத்தவில்லை. "உடம்புக்கு என்னடா?" என்றாள்.

பொத்தானுக்கு மேலே வாலுவின் விரல் அப்படியே நின்றது.

பிற்பாடு அத்தை சொல்லித்தான் வாலுவுக்குத் தெரியும். இரண்டு வருஷம் வீம்பு பிடித்தவன் அவனாகவே கூப்பிடுகிறான். அதுவும் அவன் ஊரில் நடுராத்திரி. சௌக்கியமாக இருக்கிறவன் வீம்பை விடுவானா? திரையில் தம்பி பெயரைப் பார்த்ததுமே, இது உடம்புக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டாளாம். இந்தப் பக்கம் அப்பாவுக்கோ வேறு அதிர்ச்சி. அக்காவே இறங்கிவந்து கூப்பிடுகிறாள், எடுத்தவுடன் உடம்புக்கு என்ன என்கிறாள். பெற்ற பெண்ணைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் கடலுக்கு அந்தப் பக்கம் எப்படிப் போனது?

"உனக்கு... யாருக்கா சொன்னா?"

"யாராவது வேற சொல்லணுமாக்கும். விழுந்தியா?"

"விழல. உக்காந்தேன்."

"நீயா உக்காந்தியா, அது உன்ன உக்கார வச்சுதா?"

கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்திருப்பார்.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

அங்கே கரண்டி ஒன்று கிண்ணத்தில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியவளுக்குச் சாயங்காலக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"ரெண்டு," என்றார் அப்பா.

மறுபடியும் கரண்டி.

"என்னடா, ஏலம் விடறியா? மொத்தத்தையும் சொல்லு."

"மூணுக்கா."

வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"மத்த ரெண்டும் எங்க?"

"ஒண்ணு பஸ்ஸுல. பக்கத்து ஆள் மேல சாஞ்சுட்டேன். குடிச்சிருக்கேன்னு திட்டிட்டுப் போனான்."

"இன்னொண்ணு?"

"வேலையில."

"வேலையிலன்னா? லிஃப்ட்டுக்கு உள்ளயா, மேலயா?"

அப்பா செருமினார். அவர் பேச ஆரம்பித்தபோது வாலு இதுவரை கேட்டிராத குரலாக இருந்தது, மாட்டிக்கொண்ட பையனின் குரல்.

"மேல. போன வியாழக்கிழமை. ஒம்பதாவது மாடி. நல்ல வேளை, லிஃப்ட்டு வண்டிய நிறுத்தி வச்சிருந்தேன். முழிச்சுப் பாத்தா கன்னம் கிரீஸ்ல கிடக்குது. ஒரு கால் விளிம்புக்கு வெளிய தொங்குது. கூட வந்தவன் கீழ இருந்து 'மாஸ்டர், என்ன சத்தத்தையே காணோம்'னு கேக்கறான். 'கயித்தப் பாத்துட்டிருக்கேன்டா'ன்னு சொன்னேன்."

வாலு கொடியில் தொங்கிய துண்டை இழுத்து வாயில் திணித்துக்கொண்டாள். இனி அந்தச் சிவப்புப் பொத்தானை யானை வந்து தள்ளினாலும் அவள் தொடமாட்டாள்.

யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கத்தியிருப்பார்கள். அம்மா என்றால் அழுதிருப்பாள். வாலுவே கத்திவிடாமல் இருக்கத்தான் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அத்தை கத்தவில்லை. கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். வருவதற்கு முன்னால் கண் இருட்டுகிறதா? நெஞ்சு அடித்துக்கொள்கிறதா? எழுந்திருக்கும்போது வருகிறதா, நின்றுகொண்டிருக்கும்போதா? தெளிந்த பிறகு பேச்சு குழறுகிறதா? அப்பா ஒவ்வொன்றுக்கும் யோசித்து, ஆபீஸரிடம் சொல்கிற மாதிரி பதில் சொன்னார். நடுவில் அங்கே பெரியவள் புரியாத பாஷையில் ஏதோ முனகினாள். அத்தை அதே பாஷையில் கொஞ்சலாக இரண்டு வார்த்தை சொன்னாள். கரண்டி மறுபடியும் கிண்ணத்தில் பட்டது. ஒரு கையால் ஊட்டிக்கொண்டே, இன்னொரு கையால் கடல் தாண்டித் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே இந்த மனுஷி என்று வாலுவுக்குத் தோன்றியது.

"சரி. நாளைக்கு என்ன வேலை?"

"கயிறு மாத்தணும். பதினாறு மாடி."

"ஏறாத."

"அக்கா, அங்க மேல்மாடி பூரா வயசானவங்க. நாலு நாளா அரிசி மூட்டையக்கூடப் படியில தூக்கிட்டுப் போறாங்க. நான் வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"நாலு நாள் காத்தவங்க அஞ்சாவது நாளும் காப்பாங்க. நீ குழிக்குள்ள விழுந்துட்டா உன்ன வெளிய எடுக்கவே ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் அந்த லிஃப்ட் ஓடுமா? வயசானவங்க மேல அக்கறை இருந்தா அதயும் யோசி."

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு மாதிரி ஆனது.

"இத வெளிய சொன்னா மேல ஏற விடமாட்டாங்கக்கா. ஆபீஸ்ல ஒரு மேஜைய போட்டு உக்காத்தி வச்சுடுவாங்க. கயித்தத் தொட்டே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிட்டேன்."

"மேஜை உன்ன கடிக்காது."

"எனக்குப் பயமா இருக்கு."

குளியலறையில் வாலு வாயிலிருந்து துண்டை எடுத்தாள். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பதினாறு மாடி உயரத்தில் விசிலடித்துக்கொண்டு வேலை செய்கிற ஆள்.

"உயரத்துக்கு இல்லக்கா. அந்த அரை நிமிஷத்துல நான் எங்க போறேன்னு தெரியல. அதுக்கு."

"தெரியும்டா," என்றாள் அத்தை. கரண்டிச் சத்தம் நின்றது. உடனே மறுபடியும் கேட்டது. "பயந்தவனுக்குத்தான் மருந்து கேக்கும். இங்க இந்தம்மாவோட பையன் இதே மாதிரி 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சான். நாங்க ரெண்டு பேரும் சேந்து இழுத்துட்டுப் போனோம். அவனுக்குத் தொண்ணூறு வயசு அம்மா, உனக்கு நான். கெட்டிக்காரன், இன்னைக்கு சைக்கிள் ஓட்டறான். நீயும்..."

அப்போது மூன்றாவதாக ஒரு பெண் குரல் நடுவில் நுழைந்தது. சாவகாசமான, இஸ்திரி போட்ட குரல்.

"உங்கள் கணக்கில் இன்னும் ஒரு நிமிடம் மட்டுமே மீதம் உள்ளது."

"யாருக்கா அது? உன் வீட்டுலயா?"

புதன்கிழமைதோறும் வாலுவின் பேச்சை முடித்துவைக்கிற குரல் அது. அத்தைக்குத் தெரியாதா?

"தம்பி, நீ என்னக் கூப்பிட்டியா?"

"நானா? நீதானே கூப்பிட்ட?"

"சரிதான்," என்றாள் அத்தை. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வாலுவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீயும் கூப்பிடல, நானும் கூப்பிடல. ரெண்டு பேரையும் வேற ஒரு ஆள் கூப்பிட்டிருக்கா. அத அப்புறம் பாத்துக்கோ. ஒரு நிமிஷம்தான் இருக்கு, குறுக்க பேசாத. இப்பவே உன் சூப்பர்வைசர எழுப்பி, நாளைக்கு ஏறலன்னு சொல்லு. விடிஞ்சதும் ஆஸ்பத்திரி. உன் பொண்ணயும் கூட்டிட்டுப் போ, டாக்டர்கிட்டயும் நீ ஏலம் விடுவ. பஸ்ஸுல போகாத, ஆட்டோல போ. தனியாப் படி எறங்காத. அப்புறம் அந்தப் புள்ளைய..."

லைன் அறுந்தது.

பக்கத்து அறையில் சத்தமே இல்லை. வாலு வாளியிலிருந்து எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தாள். திட்டு விழும். சத்தியத்தை மீறியதற்கு ஒன்று, திருட்டுத்தனமாகக் கணக்கு வைத்திருந்ததற்கு ஒன்று. விழட்டும். அவளுக்கு இருந்த பயம் அதில்லை. அத்தை போய்விட்டாள். அறுந்த போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர் பழைய அப்பாதான். 'அவ கிடக்கறா' என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால்?

பொத்தான்கள் அழுத்துகிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் நீளமாக மணி போனது. அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. வாலு தன்னையறியாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடியும் போட்டார். ஏழாவது மணிக்கு ஒரு தூக்கக் குரல், "மாஸ்டர்? என்ன இந்த நேரத்துல, எங்கயாவது மாட்டிக்கிச்சா?"

"மாட்டல சார். நான்தான்... சார், நாளைக்கு நான் மேல ஏறல."

"என்ன மாஸ்டர், விளையாடறீங்களா? காலைல ஏழு மணிக்கு கிரேன் வரச் சொல்லியிருக்கேன்."

"உடம்பு சரியில்ல. தல சுத்தி விழுறேன். மூணு தடவை விழுந்துட்டேன். ஒரு தடவை வண்டி மேலயே."

"வண்டி மேலயா? யோவ்..." சூப்பர்வைசரின் தூக்கம் மொத்தமாகக் கலைந்துவிட்டது. "இத ஏன்யா அன்னைக்கே சொல்லல? நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. கயிறு எங்கயும் ஓடிடாது. கிரேன நான் பாத்துக்கறேன்."

வாலு தாழ்ப்பாளை எடுத்தாள். கால் மரத்துப்போயிருந்தது. நடைவழியில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பனியனும் லுங்கியுமாக, தலைமுடி எல்லாத் திசையிலும் குத்திட்டு நிற்க, அவரைப் பார்த்தால் பெரிய ஆள் மாதிரியே இல்லை.

"அப்பா, அது... நம்பர மாத்த மறந்துட்டேன்பா. சத்தியமா வேணும்னு பண்ணல. அம்மாகிட்டதானே சொல்லக்கூடாதுன்னீங்க..."

"எத்தனை நாளா நடக்குது இது, அத்தையும் மருமகளும்?"

"ரெண்டு வருஷமா. புதன்கிழமைல."

"ரெண்டு வருஷமா," என்றார் அப்பா. கோபப்பட முயற்சி செய்து பார்த்தார், வரவில்லை. "என்ன பேசுவா?"

"உங்களப் பத்திதான் கேப்பா. சாப்பிடறாரா, தூங்கறாரான்னு. 'நான் கேட்டேன்னு சொல்லிடாதடி'ம்பா."

அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சுவரோடு சரிந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். வாலு பதறி அவர் தோளைப் பிடித்தாள், குனிந்து கண்ணைப் பார்த்தாள். கண்ணுக்குள் ஆள் இருந்தார்.

"இது நானா உக்காந்தது," என்றார். "நீயும் உக்காரு. அம்மாவுக்கு இப்ப இடைவேளை நேரம்தானே?"

"பன்னண்டேகாலுக்கு."

மணி பன்னிரண்டே கால் ஆகி மூன்று நிமிஷம். அப்பா அம்மாவின் நம்பரை அழுத்தி, போனை இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தார். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள். அவள் பின்னால் ரொட்டித் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுகிற சத்தம்.

"என்னங்க? இன்னும் தூங்கலையா? என்ன ஆச்சு?"

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார் அப்பா. "நின்னுட்டிருந்தா எங்கயாவது உக்காரு. வாலு என் பக்கத்துலதான் இருக்கா."